தேதி இல்லாத சீட்டு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் சுகம். அத்தானின் முழங்கால் வலி குறைந்ததா, இல்லை இன்னும் மாடிப்படியைப் பார்த்தாலே மூக்கால் அழுகிறாரா?

நான் சுகம் என்று எழுதியதில் பாதிதான் உண்மை. காளான் பண்ணையில் என்னை மேற்பார்வையாளனாகப் போட்டிருக்கிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? ஆறு அறை என் பொறுப்பு. ஒவ்வொன்றிலும் தரையிலிருந்து கூரைவரை தட்டுகள், தட்டு நிறைய மக்கிய உரம், அதன்மேல் காளான். எந்நேரமும் ஈரம். பழைய உரத்தை அள்ளி வெளியே கொட்டுகிற நாளில் எதிரில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குத் தூசி எழும். அன்று சாயங்காலமே காய்ச்சல், குளிர், நெஞ்சில் பாரம். லீவு போட்டால் சரியாகிவிடுகிறது. திரும்பப் போனால் திரும்ப வருகிறது. சோம்பேறிக்கு இதைவிட நல்ல வியாதி கிடையாது என்று உன் தம்பி மனைவி சிரிக்கிறாள்.

டாக்டரிடம் போனேன். காளான் தூளும் பூஞ்சைத் தூளும் என் நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். இரண்டாம் நாளே நன்றாக மூச்சு விட்டேன். ஆனால் இனிமேல் மாத்திரை கிடையாது, வேலையைத்தான் மாற்ற வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா, எத்தனை இடத்தில் மூட்டை தூக்கி, எத்தனை பேரிடம் திட்டு வாங்கி இங்கே வந்து சேர்ந்தேன் என்று உனக்குத் தெரியும். முதல் தடவையாக எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. அதுவும் முதுகு சாய்க்கிற நாற்காலி. அதை விட்டுவிட்டு எங்கே போவேன்?

நீ இத்தனை வருஷமாக மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறாய். காலி அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் போட்டால் என்ன ஆகிவிடும்? பதில் போடு.

அன்புத் தம்பி

ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

கடிதமும் அட்டையும் வந்தன. நாங்கள் நலம். அத்தான் மூக்கால் அழுவதை நிறுத்திவிட்டார். இப்போது வாயாலேயே அழுகிறார். தம்பி மனைவியை விசாரித்ததாகச் சொல்.

கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து எழுதுகிறேன், கவனமாகப் படி. உன் ரத்தத்தில் வெள்ளணுக்கள் என்று காவல்காரர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய், அல்லது அன்றைக்கும் சுவரேறிக் குதித்திருப்பாய். பூஞ்சை ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு சுவர் உண்டு. ஒருவகைச் சர்க்கரையால் ஆன சுவர். நம் உடம்பில் எந்த அணுவுக்கும் அப்படி ஒரு சுவர் கிடையாது. ஆகவே காவல்காரன் கை அந்தச் சர்க்கரையில் பட்டதுமே, வந்தவன் நம் ஆள் இல்லை என்று தெரிந்துவிடும். சத்தம் போட்டு மற்றவர்களைக் கூப்பிடுவான். உன் நெஞ்சுக்குள் வெறும் தூளைப் பார்த்தே ஊரைக் கூட்டி ரகளை செய்கிறார்கள். அதுதான் உன் காய்ச்சல்.

நீ போட்டது ஸ்டீராய்டு மாத்திரை. அது தூளை ஒன்றும் செய்யாது. காவல்காரனின் வாயைக் கட்டிவிடும், அவ்வளவுதான். ரகளை நிற்கும். ஆனால் நிஜத் திருடன் வந்தாலும் அவன் கத்த மாட்டான். டாக்டர் சொன்னதுதான் சரி, வேறு வேலை தேடு.

தேடுகிறவரை மூச்சுத் திணறிக்கொண்டு கிடப்பாயே என்று எனக்கும் மனசு கேட்கவில்லை. தனியாக ஒரு சீட்டில் மாத்திரையின் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரை குத்தி வைத்திருக்கிறேன். உன் தெருவில் இருக்கும் மருந்துக்கடையில் காட்டினால் கொடுப்பார்கள். காலையில் சாப்பிட்ட பிறகு ஒன்று. ஒரு வாரம்தான். எட்டாம் நாள் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடு.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம், மறுபடியும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் மாத்திரைக்குக் கோயிலே கட்டலாம். படியில் ஓடி ஏறுகிறேன். பசி என்றால் அப்படி ஒரு பசி, உன் தம்பி மனைவி பானையை ஒளித்துவைக்காத குறை. என் சுறுசுறுப்பைப் பார்த்து இன்னும் நாலு அறையை என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் உன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுத்து முத்து முத்தா இருக்கே, யாரு?" என்றார். எங்க அக்கா என்று சொன்னபோது என் நெஞ்சு நிமிர்ந்ததை நீ பார்க்கவில்லை.

பண்ணையில் எடுத்த போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். பக்கத்தில் நிற்பவளுக்குப் பண்ணையில் நெட்டை என்று பட்டப்பெயர். காளான் பறிக்கிறவள். மேல் தட்டுக்கு எல்லோரும் ஏணி வைப்பார்கள், அவள் கையை நீட்டினால் போதும்.

அன்புத் தம்பி

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். போட்டோ வந்த நாளிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டி அத்தானின் கிண்டலுக்கு ஆளாகியிருக்கிறேன். ஒல்லிக்குச்சியாகத் திரிந்தவனுக்குக் கன்னம் உப்பி, முகம் வட்டமாகி, அடையாளமே தெரியவில்லை. ஒருவழியாக உனக்கும் மனுஷ உடம்பு வந்தது. நெட்டை நிஜமாகவே நெட்டைதான். உன் தலை அவள் தோளுக்குத்தான் வருகிறது.

வேறு வேலை தேடினாயா? சீட்டைக் கிழித்தாயா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. மறக்காமல் எழுது.

அன்புடன்,
அக்கா

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இரண்டு மாதமாகக் கடிதம் போடாததற்குத் திட்டாதே. பண்ணையில் வேலை தலைக்குமேல் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் இருமல், வேறொன்றும் இல்லை.

ஒரு சந்தேகம். இங்கே கூட வேலை பார்க்கிறவருக்கு நாக்கிலும் உள்கன்னத்திலும் தயிர் ஒட்டின மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சுரண்டினால் அடியில் சிவப்பாக இருக்கிறது, எரிகிறது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தும் போகவில்லை. என்ன செய்யலாம் என்று எழுது. அவசரம் இல்லை.

தம்பி

மே 12

தம்பி,

நாங்கள் நலம். நீ நலமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

அந்த வெள்ளைப் படிவும் ஒரு பூஞ்சைதான். எல்லோர் வாயிலும் கொஞ்சம் இருக்கும், காவல்காரர்கள் அதை மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். வளர்ந்த ஆளின் நாக்கு முழுக்க அது பரவுகிறது என்றால் காவலே இல்லை என்று அர்த்தம். உன் கடிதத்தைப் படித்ததும் வேலையைப் பாதியில் விட்டு எழுந்தேன். கடை மாடியில் ரத்தப் பரிசோதனைக்கூடம் வைத்திருக்கும் அம்மாளிடம் ஓடினேன். அவர் நுண்ணோக்கியில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்துக் காட்டினார். அது வேறு யாருடைய சளியோ. பூஞ்சை கிளை கிளையாக நீண்டு கிடந்தது. வெள்ளணுக்கள் அதைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன. சின்ன விதையாக இருந்தால் விழுங்கிவிடுமாம். இவ்வளவு நீளத்தை விழுங்க முடியாதே என்றேன். அப்போது தன்னையே கிழித்து, உள்ளே இருக்கும் நூலை எடுத்து வலையாக வீசிவிட்டுச் சாகும் என்றார். "இப்படி மொய்க்கலைன்னா அந்த ஆள் பொழைக்கிறது கஷ்டம்மா" என்றார் சாதாரணமாக.

வீட்டுக்கு வந்து உன் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அது மனுஷ உடம்பு இல்லை, தம்பி. அந்த மாத்திரையை வாரக்கணக்கில் விடாமல் தின்றால் வருகிற முகம் அது. அந்த முகத்தோடு எத்தனையோ பேர் என் கடைக்கு வந்திருக்கிறார்கள், வாசலிலேயே கண்டுபிடித்திருக்கிறேன். சொந்தத் தம்பி என்றதும் கண் அவிந்துபோயிற்று.

பூசி மெழுகாமல் பதில் எழுது. கூட வேலை பார்க்கிறவர் யார்? நீதானே? ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை? எப்போதிலிருந்து? ஒன்று மட்டும் செய்யாதே. சட்டென்று நிறுத்திவிடாதே. அந்த மாத்திரையில் இருப்பது நம் உடம்பு தானாகவும் சுரக்கிற ஒன்றுதான்; வெளியிலிருந்து இத்தனை நாள் வந்துகொண்டிருந்ததால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும். ஒரே நாளில் நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடும். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல். கடை நம்பர் தெரியும்தானே, போன் செய்.

அக்கா

மே 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. இதை விரைவு அஞ்சலில் போடுகிறேன்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்ததையே அவர் எனக்குச் சொல்லவில்லை. போன திங்கட்கிழமை இருமும்போது ரத்தம் வந்தது. கைக்குட்டை முழுக்க ரத்தம். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இடது நுரையீரலின் மேல்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு நிழல். முதலில் காசநோய் என்றார்கள், பிறகு சளியைச் சோதித்துவிட்டுப் பூஞ்சை என்கிறார்கள். நல்ல உடம்புக்காரருக்கு இது எப்படி வந்தது என்று டாக்டருக்கே புரியவில்லை. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இவர் இல்லை என்றார்.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பண்ணைக்குப் போட்டுப்போகும் ரப்பர் பூட்ஸுக்குள் காலி அட்டைகள் திணித்துக் கிடந்தன. சத்து மாத்திரை என்று என்னிடம் சொல்லியிருந்தார், அண்ணி. முதலில் ஒன்று, மார்ச்சிலிருந்து இரண்டு, சித்திரை வெயில் ஏறியதும் மூன்று. உங்கள் சீட்டும் இருந்தது. கிழியாமல் இருக்க பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார். தேதி இல்லாததால் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு மாதிரிப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்.

கேட்டதற்கு, "அக்கா பேரு வெளிய வரக் கூடாது. வேலையும் போயிடும், மானமும் போயிடும். டாக்டர்கிட்ட நீ வாயைத் திறக்க மாட்டேன்னு என்மேல சத்தியம் பண்ணு" என்றார். செய்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து மாத்திரை போட வழியில்லை. நேற்றிலிருந்து வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் கடை நம்பரையும் தர மாட்டேன் என்கிறார். ஆஸ்பத்திரி நம்பரும் டாக்டர் அறையும் கீழே எழுதியிருக்கிறேன். டாக்டரிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். உங்களுக்கு எழுத மாட்டேன் என்று செய்யவில்லை.

தம்பி மனைவி

ஜூன் 2

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நேற்றுத் தொலைபேசியில் நான் சொன்னதை எழுத்தில் கேட்டீர்கள். எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஆண்கள் வார்டில் பன்னிரண்டாம் கட்டிலில் இருப்பவன் என் தம்பி. நாலு மாதத்துக்கு மேலாகத் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருக்கிறான். கடைசியில் ஒரு நாளைக்கு மூன்று. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று சட்டென்று நின்றிருக்கிறது. அதற்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவள் நான். எழுதும் உரிமை எனக்கு இல்லை. நான் மருந்தாளர், மருத்துவர் அல்ல.

சீட்டில் நான் தேதி எழுதவில்லை. எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்றும் எழுதவில்லை. அப்படி ஒரு சீட்டை என் கடையில் யாராவது நீட்டினால் நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். தம்பிதானே, கடிதத்தில் சொன்னால் போதும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் முதலாளியிடம் இன்று காலை நானே சொல்லிவிட்டேன். என்மீது நடவடிக்கை எடுப்பவர்களுக்கு இந்தக் கடிதமே போதும். எடுக்கட்டும். அவனைக் காப்பாற்றுங்கள். மாத்திரையைப் பற்றி அவனிடம் கேட்கும்போது இடது காதைத் தடவினான் என்றால் அவன் சொல்வது பொய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

தங்கள் உண்மையுள்ள,
பன்னிரண்டாம் கட்டில் நோயாளியின் அக்கா

ஜூன் 28

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன்னிடம் பேசவே கூடாது என்றுதான் மூன்று வாரமாக எழுதவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். நீயே போய்க் கழுத்தை நீட்டிவிட்டாயே. டாக்டர் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோது என் கை தானாகக் காதுக்குப் போயிற்று. அவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

நீ போன் செய்த அன்றே அதே மாத்திரையைக் கணக்காகத் திரும்பக் கொடுத்து, ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். இனிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்களாம். பூஞ்சைக்கு நரம்பு வழியாக மருந்து ஏறுகிறது. இடது நுரையீரலின் மேல்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். பூஞ்சை விதைக்கு வெளியே ஒரு சட்டை உண்டாம், அது இருக்கிறவரை காவல்காரர்களுக்கு அடையாளம் தெரியாதாம். உள்ளே வந்து முளைவிடும்போது சட்டை கிழிந்து, நீ எழுதின சர்க்கரை வெளியே தெரியுமாம். அப்போதுதான் பிடிப்பார்களாம். "உங்க விஷயத்துல சட்டை கிழிஞ்சுது, பார்க்கத்தான் ஆள் இல்ல" என்றார் டாக்டர்.

இதற்குமேல் எழுதுவதற்கு முன்னால் இரண்டு நாள் யோசித்தேன். மே மாதம் நான் எழுதியது எனக்காக மட்டும் இல்லை. கூட வேலை பார்க்கிறவர் என்று ஒருவர் நிஜமாகவே உண்டு. நெட்டைக்கும் வாயில் அதேதான் இருந்தது. பண்ணையில் என்னைப்போல் மூச்சு வாங்குகிறவர்கள் நிறையப் பேர். எங்க அக்கா எழுதினது என்று பெருமையாக உன் சீட்டை நகல் எடுத்து நாலு பேருக்குக் கொடுத்தேன். நெட்டைதான் முதலில் வாங்கினாள். யார் கேட்டாலும் அக்கா பேரைச் சொல்லிவிடாதீர்கள் என்று நாலு பேரிடமும் உறுதி வாங்கியிருந்தேன்.

நெட்டை இரண்டு வாரமாக வேலைக்கு வரவில்லையாம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பாள் என்கிறார்கள். எழுதாமல் விட்டிருந்தால் உனக்காவது நிம்மதி. எழுதிவிட்டேன்.

தம்பி

ஜூலை 2

தம்பி,

நலம் விசாரிக்க நேரமில்லை. கடிதம் கையில் கிடைத்ததும் செய்ய வேண்டியதை முதலில் எழுதுகிறேன். தம்பி மனைவியை அனுப்பி, மீதி மூன்று பேரையும் உடனே உன் டாக்டரிடம் அழைத்துவரச் சொல். மாத்திரையை அவர்களாக நிறுத்தக் கூடாது, கையோடு எடுத்துவரட்டும். டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டேன், காத்திருக்கிறார்.

நெட்டையைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். உயரமான பெண், உன் பண்ணையில் வேலை பார்க்கிறவள் என்று அடையாளம் சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டுப் பெண்கள் வார்டில் விசாரிக்கப் போனார். நான் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். திரும்பி வந்து சொன்னார்:

"போன மாசம் பதினேழாம் தேதியே வந்திருக்காங்கம்மா. அங்க வேற டாக்டர். மாத்திரை எதுவும் சாப்பிடலைன்னு கடைசிவரைக்கும் சொல்லியிருக்காங்க. முந்தாநாள் காலையில போயிட்டாங்க."

உன் கட்டிலுக்கு நேர் கீழ்த்தளத்தில் இரண்டு வாரம் கிடந்திருக்கிறாள். நீ மாடியில் பிழைத்துக்கொண்டிருந்தாய். என் பெயரைக் காப்பாற்றுவதாக உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறாள். என்னை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் அவளைப் போட்டோவில் பார்த்து உயரத்தைக் கேலி செய்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் மறைக்க முடியுமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். மறைத்து மறைத்துத்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

வேலை போய்விட்டது. கடைச் சாவியைக் கொடுத்தாயிற்று. அத்தான் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். உன்னைப் பார்க்க வருவதற்கு முன் நெட்டை வீட்டுக்குப் போக வேண்டும். அவள் புருஷனா, அம்மாவா, பிள்ளையா, யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் நிஜப் பெயரும் தெரியாது. இரண்டையும் எழுதி, தெரு எது என்றும் எழுதி, தம்பி மனைவியிடம் கொடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்பு.

சீட்டு எழுதினவள் நான்தான் என்று அவர்கள் வாசலில் நின்று சொல்ல வேண்டும். டாக்டருக்கு எழுதியபோது தயங்கவில்லை, உன்னைக் காப்பாற்ற எழுதினேன். நீ என்னை மன்னிப்பாய், உனக்கு நான் அக்கா. அவர்களுக்கு நான் யாரும் இல்லை. கதவைத் திறப்பார்களா என்று தெரியவில்லை.

அக்கா